பாவமும் பாவனையும்

1

“எல்லாம் சரியா இருக்கு சார். கட்டை தப்பலை, தாளம் தப்பலை. பாவம்தான் பத்தலை” என்றார் மாஸ்டர்.

இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது ஒரு சங்கடம் நேர்கிறது. வடமொழியின் நான்கு பகர ஒலிகளுக்கும் நம் எழுத்து ஒரே வடிவத்தைத் தருவதால், கலைஞனிடம் நாம் கோருகிற பாவமும், கோயில் குளத்தில் கழுவிக்கொள்கிற பாவமும், தெருவில் அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற ‘ஐயோ பாவ’மும் தாளில் ஒன்றாகவே நிற்கின்றன. இதை நம் எழுத்தின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று வருஷங்களாக ஒரே ஒரு சினிமாப் பாட்டைப் பியானோவில் வாசிக்கக் கற்றுக்கொண்டு, தோற்று, திரும்பவும் முயன்றுகொண்டிருக்கிற எனக்கோ, இம்மூன்றும் விஷயத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை என்று படுகிறது. இக்கட்டுரை அந்தச் சந்தேகத்தின் விளைவு.

நான் வங்கிக் குமாஸ்தா. வீடு முதலிபாளையத்தில், திருப்பூரை ஒட்டி, சிட்கோ தொழிற்பேட்டை உள்ள ஊர். ஜன்னலைத் திறந்தால் நிட்டிங் மிஷின்களின் இரைச்சல். மூடினாலும் அதுதான், கொஞ்சம் குறைவாக. இந்த இரைச்சலுக்கு நடுவில், மாதத் தவணையில் வாங்கிய எண்பத்தெட்டுக் கட்டை மின்பியானோ ஒன்று, அரிசி மூட்டைக்கும் புத்தக அலமாரிக்கும் இடையில் நிற்கிறது. மாஸ்டர் நாசரேத் பக்கத்துக்காரர். நாற்பது வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வருவார்.

பாட்டு ‘என் வானிலே’. 1980-இல் வெளிவந்த மகேந்திரனின் ‘ஜானி’ படத்துக்காக இளையராஜா இசையமைத்து, ஜென்சி பாடியது.

நம் வட்டத்து நண்பர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சினிமாப் பாட்டு, ஒரு காட்சிக்கென்று சொல்லிச் செய்யப்பட்ட உணர்ச்சி. அளவெடுத்துத் தைத்த சோகம், அளவெடுத்துத் தைத்த காதல். 1941-இல் ஜனரஞ்சக இசையைப் பற்றி எழுதிய அடார்னோ, அது கேட்பவனின் சார்பில் தானே கேட்டு முடித்துவிடுகிறது, அச்சில் வார்த்த உறுப்புகளைப் புதியவை போல் காட்டுகிறது, உழைத்துச் சலித்தவனை அடுத்த நாள் உழைப்புக்குத் தயார்ப்படுத்துகிறது என்றெல்லாம் குற்றம் சாட்டினார். திருப்பூரில் இருப்பவனுக்கு இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு வெறும் தத்துவமல்ல. பனியன் கம்பெனிகளில் ஷிஃப்ட் முழுக்க ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களின் கையைப் பாட்டு சோரவிடாது என்பது முதலாளிகளுக்குத் தெரியும். அடார்னோவைப் படிக்காமலேயே தெரியும்.

ஆகவே இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் காரணம் சொல்ல வேண்டும். சொல்வேன், ஆனால் பிறகு. முதலில் கேள்வி. பயிற்சியால் வந்த உணர்ச்சி உண்மையானதா? தினம் அரைமணி நேரம் உட்கார்ந்து, இந்த இடத்தில் மெல்ல, அந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்து என்று பழகிப் பழகி விரலில் ஏற்றிக்கொண்ட கனிவை, கனிவு என்று அழைக்கலாமா? அல்லது அதற்குப் பொய் என்றுதான் பெயரா? இது சங்கீத இலக்கணம் சார்ந்த கேள்வியல்ல. ஒழுக்கம் சார்ந்தது.

2

பியானோவை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். அதன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனெனில் என் கேள்வியின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

1700-ஐ ஒட்டி, ஃப்ளோரென்ஸ் நகரில் பார்த்தொலோமேயோ கிறிஸ்டோஃபோரி செய்த கருவியின் புதுமை, மெல்லவும் உரக்கவும் ஒலிக்கக்கூடிய விசைப்பலகை என்பது. அதன் பெயரே அதிலிருந்து வந்ததுதான். கட்டையை அழுத்தினால் நெம்புகோல்கள் வழியாக ஒரு சிறு சுத்தியல் கிளம்பித் தந்தியை அடிக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், சுத்தியல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையோடு அதற்குள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது என்பதே. கடைசி இடைவெளியை அது தன்னந்தனியாகக் கடக்கிறது. கவணிலிருந்து புறப்பட்ட கல்லைப் போல. கல் போய்க்கொண்டிருக்கும்போது எறிந்தவன் எவ்வளவு கண்ணீர் விட்டாலும் கல்லின் பாதை மாறாது. ஒலி பிறந்த பிறகோ அது தேய்வது ஒன்றுதான் சாத்தியம். கட்டையை விட்டு அதை நிறுத்தலாம், வலது கால் மிதியை அழுத்திச் சற்று வாழவிடலாம். வளர்க்க முடியாது, வளைக்க முடியாது.

ஆக, ஒரு தனி ஸ்வரத்தில் பியானோக்காரனுக்கு உள்ள சுதந்திரங்கள் மூன்று. எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகமாக அடிப்பது, எப்போது விடுவது. இவ்வளவுதான். என்னிடம் இருக்கிற மின்பியானோவில் இந்த வறுமை இன்னும் பச்சையாகத் தெரிகிறது. கட்டை இறங்குகிற வேகத்தை உள்ளே ஒரு உணரி அளந்து, 1983-இல் வகுக்கப்பட்ட ‘மிடி’ முறைப்படி 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிவிடுகிறது. என் ஆன்மாவுக்கு அந்தக் கருவி ஒதுக்கியிருக்கிற இடம் அந்த எண்.

நம் சங்கீத மரபுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டதில் ஆச்சரியமில்லை. வீணையில் தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்துக்குள்ளிருந்தே இன்னொன்றை வரவழைக்கலாம். நாதஸ்வரத்தில் மூச்சே ஸ்வரத்தைக் குழைக்கிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கையிலெடுத்தபோது அது நம்முடையதாகிவிட்டதற்குக் காரணம், அதில் விரல் வழுக்க முடியும் என்பது. விசைப்பலகையில் வழுக்க முடியாது. ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது சுவர். இந்தக் காரணம் பற்றியே ஆர்மோனியம் 1940-இல் அகில இந்திய வானொலியிலிருந்து வெளியேற்றப்பட்டது. தாகூர் அந்தத் தடையின் பக்கம் நின்றார். தடை தளரத் தொடங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கமகம் இல்லாத இடத்தில் உயிர் இல்லை என்கிற தீர்ப்பு அது. நம் இலக்கியத்திலும் சங்கீதத்தைத் தேடிப் போகிறவர்கள் குரலைத் தேடித்தான் போகிறார்கள். ‘மோகமுள்’ளின் ரங்கண்ணா பாபுவுக்குக் கற்றுத்தந்தது குரலை. நொய்யல் கரையில் கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு வழிகாட்ட ரங்கண்ணா இல்லை.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. மூன்றே சுதந்திரங்கள் என்றால், அவற்றை இயந்திரம் நகலெடுத்துவிடலாம். 1904-இல் ஜெர்மனியில் வந்த வெல்ட்டே-மின்யோன் பியானோ, பெரிய கலைஞர்கள் வாசித்ததைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பதிந்துகொண்டு, அவர்கள் இல்லாதபோது திரும்ப வாசித்தது. இன்று கணினியில் இசையமைக்கிறவர்களிடம் உள்ள மென்பொருள்களில் ‘மனிதத்தன்மை ஏற்று’ என்ற பொருளில் ஒரு வசதியே இருக்கிறது. அதை அழுத்தினால், கணக்காக விழுகிற ஸ்வரங்களைக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத் தள்ளி, சிலதை மெலிதாக்கி, சிலதைப் பலமாக்கி, மனிதன் வாசித்தது போல் செய்துவிடும். மனிதன் என்றால் பிசகுகிறவன் என்பது அந்த மென்பொருளை எழுதியவர்களின் தத்துவம்.

இந்தத் தத்துவத்தை மறுப்பது எளிது. மறுத்துவிட்டு எங்கே நிற்பது என்பதுதான் கஷ்டம். 2019-இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றபோது நாடே கொண்டாடியது. அவன் முழுமையான இசைஞன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லோரும் பகிர்ந்துகொண்ட காட்சி எது? ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கிற இசையை, நிமிஷத்துக்கு 208 தட்டு வேகத்தில் தொடங்கி 325-க்கு ஏற்றி வாசித்த காட்சி. வேகத்துக்கு எண் உண்டு, எண்ணுக்குக் கைதட்டல் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று கேட்கிற ஊரில் வாழ்கிறவனுக்கு அந்தக் கைதட்டலின் பொருள் புரியாமல் போகாது. பாவத்துக்கு எண் இல்லை. ஆகவே அது இருக்கிறதா இல்லையா என்பதை மாஸ்டரைப் போன்ற ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர் சொல்வது எதைப் பார்த்து?

3

முதலில் நான் டால்ஸ்டாயை நம்பினேன். கலை என்பது ஒரு தொற்று, தான் அனுபவித்த உணர்ச்சியைக் கலைஞன் வெளி அடையாளங்கள் மூலம் பிறருக்குத் தொற்றவைக்கிறான் என்று 1898-இல் வந்த அவருடைய நூல் சொல்கிறது. அதன்படி நான் செய்ய வேண்டியது, முதலில் உணர்வது. வாசிக்க உட்காருவதற்கு முன் அப்பாவின் கடைசி நாட்களை நினைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரி வராந்தா, மருந்துச் சீட்டு, மடியில் அவருடைய செருப்பு. நினைவு வந்தது, கண்ணும் கலங்கியது. கை கெட்டித்துப் போயிற்று. வாசித்ததைக் கைபேசியில் பதிந்து கேட்டபோது, அழுத கண்ணின் தடம் எதுவும் அதில் இல்லை, நெரிசல்தான் இருந்தது. ஒரு ஸ்வரத்தின் மேல் இன்னொன்று தடுக்கி விழுந்தது. எனக்கு உணர்ச்சி இருந்தது, பாட்டுக்கு இல்லை. பாட்டு கேட்காத துக்கத்தை அதன் மேல் ஏற்றியிருந்தேன். சுமைகூலிக்காரன் மேல் அவனைக் கேட்காமல் ஒரு மூட்டையை ஏற்றுவது போல.

இதைவிட அசிங்கமான ஒன்றும் தெரியவந்தது. அப்பாவின் சாவை நான் உபயோகித்திருந்தேன். தினம் மாலை ஏழு மணிக்கு, அரைமணி நேரத்துக்கு. பாவம் வேண்டிப் பாவம் செய்தேன் என்பதை இங்கே எழுத்து வித்தியாசமில்லாமல் சொல்லிவிடலாம்.

பிறகு எதிர்த்திசையில் போனேன். திதெரோ 1770-களில் எழுதி, அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பின் 1830-இல் வெளியான நடிகனைப் பற்றிய உரையாடல் ஒன்று இருக்கிறது. மகா நடிகன் எதையும் உணர்வதில்லை, உணர்ச்சியின் வெளி அடையாளங்களை அவன் குளிர்ந்த தலையோடு படித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் பிசகாமல் திரும்பச் செய்கிறான் என்பது அதன் வாதம். ஆகவே பென்சிலை எடுத்தேன். இங்கே கூடு, இங்கே குறை, இந்த ஸ்வரத்துக்கு முன் ஒரு கணம் நில். ஜென்சியின் பதிவை நூறு தடவை கேட்டு, குரல் எங்கே மெலிகிறது, எங்கே விரிகிறது என்று தாளில் குறித்தேன். மூன்று மாதத்தில் கைக்கு வந்தது. மாஸ்டர் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு, “கவுண்டர்ல கஸ்டமரைப் பார்த்துச் சிரிக்கிறீங்களே, அது மாதிரி இருக்கு சார்” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்கு உறைத்தது. எங்களுக்கு அதற்குப் பயிற்சியே உண்டு. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். 1983-இல் ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்ச்சியும் கூலிக்கு விற்கப்படுகிற உழைப்பாகிவிட்டது என்று எழுதினார். அவர் இரண்டு வகை நடிப்பைப் பிரிக்கிறார். ஒன்று முகத்தளவில் நின்றுவிடுவது. மற்றது, உள்ளேயே உணர்ச்சியை வரவழைத்துக்கொள்வது. இரண்டாவதுதான் ஆபத்தானது, அதில் தன்னுடையது எது, கம்பெனியுடையது எது என்பது தொழிலாளிக்கே மறந்துபோகிறது என்பது அவர் கண்டது. என் இரண்டு முயற்சிகளும் அங்கே அப்படியே இருந்தன. பென்சில் குறி முகத்தளவு நடிப்பு. அப்பாவின் செருப்பு உள்ளளவு நடிப்பு. டால்ஸ்டாயும் திதெரோவும் எதிரிகள் என்று நினைத்திருந்தேன். என் கையில் வந்தபோது இருவரும் ஒரே வேலைக்கு இரண்டு ஷிஃப்ட்காரர்களாக இருந்தார்கள்.

கலையும் கைத்தொழிலும் வேறு என்று 1938-இல் எழுதிய காலிங்வுட், விளைவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கு வழி தேடுவது கைத்தொழில் என்கிறார். கலைஞனுக்குத் தான் உணர்வது என்ன என்பது வெளிப்படுத்தி முடிக்கும்வரை தெரியாது. இது எனக்குப் பிடித்த வாதம். ஆனால் இதிலும் ஒரு இடைஞ்சல். நான் இந்தப் பாட்டைப் படைக்கவில்லை. வேறு ஒருவர் மெட்டு போட்டு, வேறு ஒருவர் பாடி, கோடிப் பேர் கேட்டு முடித்த பொருள் இது. இதில் நான் கண்டுபிடிக்க வேண்டிய என் உணர்ச்சி என்று எது மிச்சமிருக்கிறது?

4

இப்போது பாட்டைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்கிறேன். அது என் அக்காவின் பாட்டு.

அக்கா பதினாலு வயதில் கைமடிக்கப் போனவள். சில வருஷத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் தைத்தாள். இப்போது கண் மங்கி, செக்கிங்கில் இருக்கிறாள். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தது அவளுடைய பீஸ் கணக்கில். கீட்ஸின் ஒரு ஓடுக்கு எத்தனை பனியன் என்று கணக்குப் போட்டால் போடலாம். நான் போட்டதில்லை. விடுமுறைகளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒலிபெருக்கியில் வேறு ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பொருட்படுத்தாமல் ‘என் வானிலே’யை முனகிக்கொண்டிருப்பாள். ஒலிபெருக்கியில் அதே பாட்டு வந்தாலும்கூட அவள் அதோடு சேர்ந்து போகமாட்டாள். அவளுக்கு வேறு நடை இருந்தது.

திதெரோவின் வழி தோற்ற பிறகு மாஸ்டர் என்னைப் பியானோவைத் தொடவிடவில்லை. “பாடுங்க” என்றார். எனக்குக் குரல் கிடையாது. “முனகுங்க, போதும். மூச்சு எங்க முட்டுதுன்னு பாருங்க.” பியானோக்காரனுக்கு மூச்சு தேவையில்லை, ஒரு வரியை முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போகலாம், யாரும் செத்துவிடமாட்டார்கள். அந்த வசதிதான் அவனுடைய சாபம் என்பதை நான் அப்போது உணர்ந்தேன். பாடுகிறவள் ஒரு வரியின் முடிவில் மெலிவது சோகத்தைக் காட்ட அல்ல. மூச்சு தீர்கிறது. அடுத்த வரிக்கு முன் ஒரு கணம் நிற்பது தத்தளிப்பைக் குறிக்க அல்ல. மூச்சை வாங்குகிறாள். நாம் உணர்ச்சி என்று கேட்பதில் பெரும்பகுதி, ஓர் உடம்பு தன் எல்லையோடு நடத்துகிற பேரம்.

இதோடு சொல்லும் வந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நம் இலக்கணம் வகுத்து, அந்த மாத்திரையையே கண் இமைப்பாலும் விரல் நொடிப்பாலும் அளந்தது. இசைத்தாளில் உள்ள கறுப்புப் புள்ளிகள் எல்லா ‘ல’வையும் ஒரே நீளமாகக் காட்டுகின்றன. ஆனால் வாய்க்குள் ஒரு ‘லே’ அடுத்து வருகிற வல்லினத்துக்கு முன் கொஞ்சம் குறுகும், மூச்சு பார்த்து நிற்கிற இடத்தில் கொஞ்சம் நீளும். பியானோவின் மூன்று சுதந்திரங்களில் முதலாவதும் மூன்றாவதும் இதற்குத்தான் போலும். எப்போது தொடங்குவது, எப்போது விடுவது. நான் அதுவரை இரண்டாவதை, எவ்வளவு பலமாக என்பதை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்ற சொல்லே மெய்யின்கண் படுவது, உடம்பில் தோன்றுவது. உள்ளே ஒன்று, வெளியே அதன் தூதன் என்று டால்ஸ்டாய் பிரித்ததைப் போல அந்தச் சொல் பிரிக்கவில்லை. உடம்பு என்பதற்கும் உண்மை என்பதற்கும் தமிழில் ஒரே சொல் என்பதை இத்தனை காலம் அழகான தற்செயலாக மட்டும் நினைத்திருந்தேன். பியானோ முன் உட்கார்ந்தபோது அது ஒரு செய்முறைக் குறிப்பாகத் தெரிந்தது.

முனகி முனகி, பிறகு விரலுக்கு மாற்றியபோது, பாட்டு நகர்ந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். “இங்க எதுக்கு நிக்கிறீங்க? ரெக்கார்டுல இல்லையே. மூச்சும் இங்க முட்டாதே.”

அவர் சொன்னது சரி. ஒரு வரியின் நடுவில், சொல்லுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், நான் தவறாமல் ஒரு நொடி நின்றுகொண்டிருந்தேன். பென்சில் குறியிலும் அது கிடையாது. இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் வங்கியிலிருந்து திரும்பி வரும்போது, ஒரு கம்பெனியின் திறந்த கதவு வழியாக ஓவர்லாக் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடி, நின்று, ஓடி, நின்று.

தோள்பட்டைத் தையல் குறுகியது, பக்கவாட்டுத் தையல் நீளம். ஒரு தையல் முடிந்து, காலை மிதியிலிருந்து எடுத்து, நூலை அறுத்து, அடுத்த துண்டை வைக்கிறவரை மிஷின் நிற்கும். அக்காவின் முனகலும் நிற்கும். துண்டு ஊசிக்குக் கீழே போனதும், விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும். நான் வாசித்த அந்த நிறுத்தம் நூல் அறுக்கிற நேரம்.

5

இதைக் கண்டுபிடித்தபோது நான் அடைந்த கிளர்ச்சியைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. அடார்னோவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அச்சில் வார்த்த பாட்டு, உழைப்பின் கதியை முடுக்குவதற்காக ஒலிபெருக்கியில் விடப்பட்ட பாட்டு, ஒரு பெண்ணின் வாயில் வேறொன்றாகிவிட்டது. கம்பெனி கொடுத்த கதியும் சினிமா கொடுத்த கதியும் அவளுடைய கையில் மோதி, இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது கதி ஒன்று பிறந்திருக்கிறது. அது என் காதில் இருபது வருஷம் இருந்து இப்போது விரலில் வந்திருக்கிறது. எனக்குப் பாவம் கிடைத்துவிட்டது.

அந்த நிறுத்தத்தை நான் வளர்த்தேன். அதைச் சுற்றி மொத்தப் பாட்டையும் மெதுவாக்கினேன். வலது காலால் மிதியை அழுத்தி, அவளும் வலது காலால்தானே அழுத்தினாள் என்று நினைத்துக்கொண்டு, ஒலியை இருளில் கரையவிட்டேன். மாஸ்டருக்கே கண் கலங்கியது. “வந்துருச்சு சார்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். உட்காரச் சொல்லி வாசித்துக் காட்டினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இத்தனை மெதுவாப் பாடுனா பீஸ் ஓடாது.”

“இது நீ பாடுனதுதானக்கா.”

“நானெங்க இப்படிப் பாடுனேன்? எழவு வீடாட்ட இருக்குது. நான் சந்தோசமா இருக்கறப்பத்தான் அதைப் பாடுவேன்.”

கீரைத் தண்டுகளை ஒதுக்கிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் வாசித்தது அவளை அல்ல. அவளிடம் நான் பட்ட கடனை. அவளுடைய நிறுத்தத்தை எடுத்து, அதில் என் குற்ற உணர்வை ஊற்றி, அவளுக்கு ஒரு சோகத்தைக் கட்டிவிட்டு, அந்தச் சோகத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். ‘ஐயோ பாவம்’ என்று அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவதைப் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அது பாவம். மாஸ்டரின் கண்ணில் வந்த நீர் உண்மையான நீர்தான் என்பது இந்தப் பிரச்னையை லகுவாக்கவில்லை, உக்கிரமாக்குகிறது. ஒரு பொய்க்கு உண்மையாகக் கண்ணீர் வர முடியும். கேட்பவனின் உருக்கம் வாசிப்பவனின் நேர்மைக்குச் சாட்சியாகாது. நம் கதைகளிலும் கவிதைகளிலும் வருகிற ஏழைத் தாய்களையும் உழைத்துத் தேய்ந்த அக்காக்களையும் இந்த இடத்தில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம். அவர்களில் எத்தனை பேர், எழுதியவனுடைய கடனின் வடிவங்கள்?

ஐரிஸ் மர்டாக் 1970-இல் வெளியிட்ட கட்டுரைகளில், அந்நிய பாஷை ஒன்றைக் கற்பதை ஒழுக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார். அவர் எடுத்துக்கொள்வது ருஷ்ய மொழியை. அந்த மொழி எனக்கு வெளியே, என்னைச் சாராமல் இருக்கிறது. நான் அதற்குப் பணிய வேண்டும். அதை என் இஷ்டத்துக்கு விழுங்கவோ மறுக்கவோ முடியாது. இந்தப் பணிதலில், தான் என்பதின் ஓயாத கற்பனை கொஞ்சம் ஒடுங்கி, இருப்பது கண்ணில் படத் தொடங்குகிறது. கவனம் என்பதை அவர் இந்த அர்த்தத்தில் பயன்படுத்துகிறார். மூச்சையும் மாத்திரையையும் கேட்டபோது எனக்குச் சாத்தியமான கவனம், அக்காவின் நிறுத்தத்தைக் கேட்டபோது தவறிப்போயிற்று. நிறுத்தத்தின் அளவை எடுத்துக்கொண்டேன். அதன் குணத்தைக் கேட்கவில்லை. அது வேலையில் தேர்ந்த ஒரு கையின் நிறுத்தம். நூல் அறுந்தது, அடுத்த துண்டு தயார், பாட்டு மேலே போகலாம். அதில் ஒரு துள்ளல்கூட இருந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் கேட்க விரும்பியது வேறு.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஏழாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்கிறது. பாவங்களை ஏன் பாவம் என்கிறோம், அவை ‘இருப்பதாலா’, ‘இருக்கச் செய்வதாலா’ என்று. இருக்கச் செய்வதால்தான் என்று பதில் சொல்கிறது. பாவமும் பாவனையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நாம் பேச்சுவழக்கில் பாவனை என்பதை வெறும் நடிப்பாகச் சுருக்கிவிட்டோம். பழைய பொருளில் அது ஒன்றை மனத்தில் இருத்தி இருத்தி உண்டாக்குவது. அந்தப் பொருளில், பயிற்சியால் வந்த கனிவு பொய்யாக வேண்டியதில்லை. அதைப் பொய்யாக்குவது வேறு ஒன்று: எதை இருத்துகிறோமோ அதைக் கேட்காமல் இருத்துவது. என் முதல் கேள்விக்கு இவ்வளவுதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. பழகிய விரல் பொய் சொல்வதில்லை. பழகாத காது சொல்கிறது.

இதற்கும் மேல் ஒரு சந்தேகம் எஞ்சி நிற்கிறது. ‘சந்தோசமா இருக்கறப்பத்தான்’ என்று அக்கா சொன்னதை நான் முழுக்க நம்ப வேண்டுமா? தம்பி வருத்தப்படக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். இருபது வருஷத்தைத் தானே தாங்கிக்கொள்வதற்காகச் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் நான் வாசித்தது அவளுக்கே தெரியாத அவளுடைய உண்மையாக இருக்கலாமே என்று ஒரு குரல் உள்ளிருந்து வாதாடுகிறது. இந்தக் குரலை நான் நம்பவில்லை. அது மிகவும் சௌகரியமான குரல். தன்னைப் பற்றி அவள் சொன்னதைவிட அவளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும் என்று முடிவு செய்வதற்கு முன், அவள் சொன்னபடி ஒரு முறையாவது வாசித்துப் பார்க்கிற மரியாதையை அவளுக்குத் தர வேண்டும்.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். வேகத்தைக் கூட்டி, மிதியைக் குறைத்து, அந்த நிறுத்தத்தை நூல் அறுக்கிற நேரத்துக்கு மேல் ஒரு இமைப்பும் நீளாமல். எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமாயிருக்கிறது. சோகம் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது. இந்த லேசு வருவதில்லை. மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. போன வாரம் மறுபடியும் சொன்னார்:

“முன்ன நல்லா இருந்துச்சே சார். இப்ப பாவம் பத்தலையே.”

ஜன்னலுக்கு வெளியே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. “சரி மாஸ்டர், இன்னொரு தடவை வாசிக்கிறேன்” என்றேன்.